அம்மா நேர்ந்துகொண்ட முடி

அம்மாவின் நேர்ச்சை நிறைவேற ஆறு ஆண்டுகள் ஆகிவிட்டன. 2019-இல் அப்பாவுக்கு வயிற்றில் அறுவை சிகிச்சை நடந்த இரவு, ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்றபடி, “வேளாங்கண்ணித் தாயே, இவரைப் பிழைக்க வைத்துக் கொடு. நவநாளில் கூட்டிவந்து உன் காலடியில் முடி இறக்குகிறேன்” என்று வேண்டிக்கொண்டவள் அவள்தான். அப்பா பிழைத்தார். மறு ஆண்டு கொரோனா. அதற்கு அடுத்த ஆண்டு அம்மாவுக்கு மூட்டுவலி. அதற்கும் அடுத்த ஆண்டு அம்மாவே இல்லை. கடைசி வாரத்தில் என் கையைப் பிடித்துக்கொண்டு, “மாதாவுக்குக் கடன் பாக்கி நிற்கிறது, மறந்துவிடாதே” என்று மட்டும் சொன்னாள்.

நான் மறக்கவில்லை. மறந்துபோனவர் அப்பா.

எங்கள் ஊர் திருக்காட்டுப்பள்ளிப் பக்கம். சைக்கிள் மிதித்தால் பூண்டி மாதா கோவில். அப்பா 41 ஆண்டுகள் உபதேசியாராக இருந்தவர். கிளைக் கிராமங்களுக்குச் சாமியார் மாதம் ஒரு முறை வந்து பூசை வைப்பார். மற்ற ஞாயிறுகளில் செபம் நடத்துவது, பிள்ளைகளுக்கு ஞானோபதேசம் சொல்லிக் கொடுப்பது, சாகக் கிடப்பவர் தலைமாட்டில் உட்கார்ந்து மன்றாடுவது, குழி வெட்ட ஆள் பிடிப்பது எல்லாம் அப்பாதான். உபதேசியார்களுக்கென்றே ‘வேதியர் ஒழுக்கம்’ எழுதிய வீரமாமுனிவர் நடந்த மண் என்பதில் அவருக்குத் தனிப் பெருமை. அவர் வாயில் ‘கடவுள்’ என்று வராது, ‘சர்வேசுரன்’தான். செபமெல்லாம் வடமொழிச் சொல் குறைந்த தமிழுக்கு மாறி எத்தனையோ ஆண்டுகள் ஆன பிறகும், விடியற்காலையில் தனக்கென்று சொல்லும்போது ‘பிரியதத்தத்தினாலே பூரண மரியாயே வாழ்க’ என்ற பழைய மந்திரத்தைத்தான் சொல்லுவார். அந்தச் சத்தத்தில்தான் நாங்கள் கண் விழித்து வளர்ந்தோம்.

மறதி நோயில் முதலில் பேரப்பிள்ளைகளின் பெயர்கள் போயின. பிறகு அம்மா இறந்த செய்தி போயிற்று. தினமும் கேட்பார், தினமும் சொல்வோம், தினமும் புதிதாக அழுவார். பிறகு சொல்வதை நிறுத்திக்கொண்டோம். கடைசியில் செபமும் போயிற்று.

போன தவக்காலத்தில் பங்குச்சாமி வீட்டுக்கே நன்மை, அதாவது தேவநற்கருணை அப்பம், கொண்டுவந்தார். அப்பா வாயைத் திறந்தார், வாங்கினார், அடுத்த நொடி துப்பிவிட்டார். “எனக்கு வேண்டாம் உன் சாமி. எடுத்துக்கொண்டு போ” என்றார். 41 ஆண்டுகள் அந்த அப்பத்துக்கு முன்னால் முழந்தாளிட்ட மனிதர். தரையில் விழுந்ததைச் சாமியார் குனிந்து எடுத்து, ஒரு தம்ளர் தண்ணீரில் கரைய விட்டார். அது கரைகிற வரை நாங்கள் யாரும் பேசவில்லை. அன்று நடந்த இன்னொன்றும் இருக்கிறது. அதைப் பிறகு சொல்கிறேன்.

விஷயம் அக்கா வீட்டுக்குப் போயிற்று. அத்தான் பெந்தெகொஸ்தே சபைக்காரர். கெட்ட மனிதர் அல்ல, அப்பாவுக்காக உண்மையாகவே அழுதார். ஆனால் வேதாகமத்தைத் திறந்து எபிரெயர் ஆறாம் அதிகாரத்தில் விரலை வைத்தார். ஒருதரம் பிரகாசிப்பிக்கப்பட்டு, பரமஈவை ருசிபார்த்த பின் மறுதலித்துப்போனவர்களை மறுபடியும் புதுப்பிக்கிறது கூடாதகாரியம். “இரட்சிப்பை இழந்துபோக முடியும் தம்பி. நாமம் கிறுக்கப்படும் என்று எழுதியிருக்கிறது. மாமா தன் வாயாலேயே மறுதலித்துவிட்டாரே” என்றார். அன்று இரவு நான் தூங்கவில்லை.

தரங்கம்பாடிக்காரர் ஒருவர் என்னோடு வேலை பார்த்தார். ஜெர்மன் மிஷனரி சீகன்பால்கு 1706-இல் கப்பலிலிருந்து இறங்கிய அந்தக் கரையில் பல தலைமுறையாக லுத்தரன் குடும்பம். அவரிடம் கேட்டேன். “விசுவாசத்தை விட்டு ஒருவன் விழலாம், எங்கள் திருச்சபையும் அதை மறுக்கவில்லை. ஆனால் ஞானஸ்நானத்தில் ஆண்டவர் கொடுத்த வார்த்தை நம் ஞாபகத்தில் தொங்கிக்கொண்டிருக்கவில்லை” என்றார். பிறகு யோவான் பத்தாம் அதிகாரத்தைச் சொன்னார்: ‘ஒருவனும் அவைகளை என் கையிலிருந்து பறித்துக்கொள்வதுமில்லை.’ இந்த வசனத்தைக் கொண்டு, ஒருமுறை இரட்சிக்கப்பட்டவன் கெட்டுப்போகவே முடியாது என்று போதிக்கிற சபைகளும் உண்டாம். 1618, 1619-இல் ஹாலந்தில் டோர்ட் என்ற ஊரில் சங்கம் கூட்டி இதைப் பற்றித் தீர்மானமே போட்டிருக்கிறார்கள்.

கேட்க ஆறுதலாகத்தான் இருந்தது. ஆனால் நான் உபதேசியார் மகன். அருளை இழக்க முடியாது என்று எங்களுக்கு யாரும் கற்பிக்கவில்லை. சாவான பாவம் செய்தால் இழந்துவிடுவோம் என்று 1547-இல் கத்தோலிக்க ஆயர்கள் கூடிய திரெந்துப் பொதுச்சங்கம் சொன்னதை, எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்குப் பாட்டு மாதிரிச் சொல்லிக் கொடுத்தவரே அப்பாதான். இழந்ததை, சாமியாரிடம் பாவத்தைச் சொல்லி மன்னிப்புப் பெறும் பாவசங்கீர்த்தனத்தில் திரும்பப் பெறலாம். ஆனால் பாவம் என்ற சொல்லே மறந்துபோனவர் எப்படிப் பாவசங்கீர்த்தனம் செய்வார்? இந்த ஒரு கேள்வி ஐந்து மாதம் என் நெஞ்சில் முள்ளாகக் கிடந்தது. இதோடுதான் வேளாங்கண்ணிக்குக் கிளம்பினேன்.

வேளாங்கண்ணித் திருவிழாக் கொடியேற்றத்துக்கு மறுநாள், ஆகஸ்ட் 30, விடியும் முன்னே வண்டியை எடுத்தோம். அப்பா, நான், என் மனைவி. தஞ்சாவூர் தாண்டியதுமே சாலை ஓரம் முழுக்கக் காவி உடுத்திய பாதயாத்திரைக் கூட்டம். முன்னால் மாதா சுரூபம் வைத்த சிறிய தேர், பின்னால் கொப்புளம் கட்டிய கால்கள். “மரியே வாழ்க” என்று அவர்கள் குரல் கொடுத்தபோது அப்பா ஜன்னலை மூடச் சொன்னார். இரைச்சலாக இருக்கிறதாம்.

நீடாமங்கலம் ரயில்வே கேட் வழக்கம்போல் எங்களைப் பிடித்து வைத்துக்கொண்டது. முக்கால் மணி நேரம். வெயில் ஏறிவிட்டது, அப்பா கதவைத் திறந்துகொண்டு இறங்கப் பார்த்தார், “வீட்டுக்குப் போக வேண்டும்” என்று கத்தினார். இந்தக் கேட்டில் நின்று நின்றே டெல்டாக்காரன் ஆயுளில் பாதி போய்விடும். ஒருவழியாகத் திறந்தது. வெண்ணாற்றுப் பாலம் வந்ததும் அப்பா அடங்கினார். கரை முட்டத் தண்ணீர். கோரையாறும் பாமணியாறும் வெண்ணாற்றிலிருந்து பிரிகிற மூணாறு தலைப்பு இங்கேதான் இருக்கிறது. அப்பா எட்டிப் பார்த்து, “முறை வைத்தா விடுகிறார்கள்? கடைமடைக்கு எட்டுமா?” என்று கேட்டார். எனக்கு நெஞ்சு அடைத்தது. மேட்டூர்த் தண்ணீரை மறக்காதவர் சர்வேசுரனை மறந்தாரே என்று, அந்த ஆற்றைப் பார்த்தே எனக்குக் கோபம் வந்தது.

திருவாரூர், கீழ்வேளூர், சிக்கல், நாகப்பட்டினம். வேளாங்கண்ணிக்கு மூன்று கிலோமீட்டர் முன்பே வண்டியை நிறுத்திவிட்டார்கள். இறங்கியதும் தரகர்கள் மொய்த்துக்கொண்டார்கள். ரூம் வேண்டுமா, வரிசையில் நிற்காமல் கூட்டிப்போகிறேன், தென்னங்கன்று வாங்கு, மாலை வாங்கு. ஒருவன் அப்பாவின் கையில் மெழுகுவத்திக் கட்டைத் திணித்துவிட்டு என்னிடம் நானூறு ரூபாய் கேட்டான். சக்கர நாற்காலிக்கு ஒருவன் சொன்ன வாடகையில் புதிதாகவே ஒன்று வாங்கிவிடலாம். நோயாளியைக் கண்டால் விலையை ஏற்றுகிறவர்களை என்ன சொல்வது? மாதா பார்த்துக்கொண்டுதான் இருக்கிறாள்.

இந்தக் கடற்கரைக்கு நான் அப்பாவோடு கடைசியாக வந்தது 2004 டிசம்பரில். 26-ஆம் தேதி சுனாமி, கிறிஸ்துமஸுக்கு மறுநாள், ஞாயிற்றுக்கிழமை. திருநாளுக்கு வந்திருந்த யாத்ரீகர்கள் எத்தனையோ பேர் இதே மணலில் மாண்டார்கள். எங்கள் ஊரிலிருந்து அடக்கம் செய்ய உதவிக்கு வந்தவர்களில் அப்பாவும் நானும் இருந்தோம். யார் எந்த வேதம் என்று கேட்காமல் எல்லோருக்கும் மன்றாட்டுச் சொன்னார். “பாவசங்கீர்த்தனம் இல்லாமல் செத்தவர்கள் கதி என்ன அப்பா?” என்று அன்று கேட்டேன். மூக்கில் கட்டியிருந்த துண்டை இறக்கிவிட்டு, “கடல் இழுத்துக்கொண்டு போனவனைச் சர்வேசுரன் கைவிட்டான் என்று உன் வாயால் சொல்லாதே” என்றார். அந்த வார்த்தையை இருபது ஆண்டுகளாக நான்தான் மறந்திருக்கிறேன்.

மனைவியிடம் அப்பாவை ஒப்படைத்துவிட்டுப் பாவசங்கீர்த்தன வரிசையில் நின்றேன். ஒன்றேகால் மணி நேரம். உள்ளே இருந்தவர் வயதான சாமியார், பெயர் தெரியாது. அப்பா நன்மையைத் துப்பியதைச் சொன்னேன், அத்தான் சொன்னதைச் சொன்னேன். அவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, “அப்பா உபதேசியார் என்றீர்களே, சாவான பாவத்துக்கு என்னென்ன வேண்டும் என்று சொல்லிக் கொடுத்திருக்கிறாரா?” என்றார்.

ஐம்பத்தாறு வயதில், கோவில் திண்ணையில் சம்மணமிட்ட பையனாக, அதே ராகத்தில் ஒப்பித்தேன்: “கனமான காரியம், முழு அறிவு, முழுச் சம்மதம்.”

“இந்த மூன்றில் அவரிடம் இன்று எது இருக்கிறது?”

எனக்குப் பதில் வரவில்லை. ஐந்து மாதமாக நான் தேடிய பதிலை அப்பாவே ஆறு வயதில் என் கையில் கொடுத்து வைத்திருக்கிறார்.

“அவர் மறுதலிக்கவில்லை. நோய் பேசியது. பேதுரு நல்ல புத்தியோடு மூன்று முறை மறுதலித்தார், அவருக்காகவும் ஆண்டவர் முன்கூட்டியே வேண்டிக்கொண்டார். சரி, உங்கள் பாவத்தைச் சொல்லுங்கள்” என்றார்.

அப்போதுதான் அதைச் சொன்னேன். அன்று அப்பா துப்பியதும் நான் அவர் தாடையைப் பிடித்து அழுத்தினேன். “விழுங்கு” என்று கத்தினேன். சாமியார் என் கையை விலக்குவதற்குள் அப்பாவின் தோளில் ஓங்கி அடித்துவிட்டேன். 82 வயது உடம்பு. அவர் அடிபட்ட பிள்ளையைப் போலக் கையை முகத்துக்கு மறைப்பாக வைத்துக்கொண்டார். தேவநற்கருணைக்கு நேர்ந்த அவமானத்துக்காகத்தான் அடித்தேன் என்று இத்தனை நாள் எனக்கே சொல்லிக்கொண்டிருந்தேன். இல்லை. ஊர் பார்க்கிறதே என்று அடித்தேன். முழு அறிவும் முழுச் சம்மதமும் எனக்குத்தான் இருந்தன. இரட்சிப்பை இழந்தவர் யார் என்று தேடி அப்பாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தவன் நான்.

அழுகையோடு மனஸ்தாப மந்திரம் சொன்னேன். பாவமன்னிப்பு கொடுத்தார். அபராதமாக அவர் சொன்னது ஒன்றே ஒன்று: “இன்று அப்பாவை மாதா முன்னால் கொண்டுபோய் நிறுத்துங்கள். அவரை எதையும் சொல்லச் சொல்லாதீர்கள்.”

கோவிலுக்குள் நுழைய இன்னும் இரண்டு மணி நேரம் பிடித்தது. நாற்காலியைத் தள்ள இடமில்லாமல் அப்பாவை இடுப்பில் அணைத்துப் பிடித்துக்கொண்டு நடந்தேன். ஒரு திருப்பத்தில் என் கையை உதறிவிட்டார். “நீ யார், விடு” என்றார். மணிக்கட்டை இறுகப் பிடித்துக்கொண்டேன். விட்டிருந்தால் அந்தக் கூட்டத்தில் மிதிபட்டிருப்பார்.

பீடத்துக்கு முன்னால் வந்து நின்றோம். புயலில் தப்பிய போர்த்துக்கீசிய மாலுமிகள் காணிக்கை கொடுத்த பீங்கான் தட்டுகள் பதித்த அந்தப் பீடம். மேலே பட்டுச் சேலையில் ஆரோக்கியத் தாய், கையில் பாலன். பின்னால் இருந்தவர்கள் நெருக்கினார்கள், நகரச் சொல்லிக் குரல் கேட்டது. என் உதடு வரை ‘அருள் நிறைந்த மரியே’ வந்தது. அப்பாவைச் சொல்ல வைக்க வேண்டும் என்று மனம் துடித்தது. சாமியார் சொன்னது நினைவுக்கு வந்து வாயை மூடிக்கொண்டேன்.

அப்பா தலையைத் தூக்கிப் பார்த்தார். வெகு நேரம் பார்த்தார். பிறகு என் பக்கம் சாய்ந்து, யாருக்கும் கேட்காதபடி, “யார் இந்த அம்மா?” என்று கேட்டார்.

நான் பேசவில்லை.

“பாவம், பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நின்றுகொண்டே இருக்கிறாள். கை வலிக்காதா? இறக்கிவிடவே மாட்டாளா?” என்றார். பிறகு அங்கே நின்ற காவலரிடம் திரும்பி, அந்தப் பழைய உபதேசியார் குரலில், “ஐயா, அந்த அம்மாவுக்கு உட்கார ஒரு நாற்காலி போடுங்கள்” என்றார்.

அதற்கு மேல் எனக்கு ஒன்றும் தெரியவில்லை. தாயே, தாயே என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தேன். யாரோ தள்ளினார்கள், யாரோ என் மனைவியின் கையில் பூ கொடுத்தார்கள், வெளியே எப்படி வந்தேன் என்று தெரியாது. ஆரோக்கிய அன்னையே, என் தாயே, நீ எங்களை ஒருபோதும் கீழே இறக்கிவிடவில்லை. என் அப்பன் உன்னை அடையாளம் தெரியாமல் நின்றபோதும் உனக்காகத்தான் இரக்கப்பட்டான். அம்மா, நீ கேட்டதை நான் தாமதமாகக் கொண்டுவந்தேன், மன்னித்துக்கொள். நன்றி, கோடி நன்றி.

மொட்டை போடும் இடத்தில் சீட்டுக்குப் பணம் கட்டிய பிறகும் கத்தி பிடித்தவர் தனியாகக் காசு கேட்டார். கொடுத்தேன். சண்டை போட எனக்குத் தெம்பும் இல்லை, மனமும் இல்லை. அப்பாவின் நரைமுடி கொத்துக் கொத்தாக ஈரத் தரையில் விழுந்தது. நானும் பக்கத்தில் உட்கார்ந்து என் தலையையும் கொடுத்தேன். இருவர் தலைக்கும் என் மனைவி சந்தனம் பூசினாள். அவருடைய இடது தோளிலும் கொஞ்சம் தடவினேன். அடி விழுந்த இடம் அதுதான், தழும்பு ஒன்றும் இல்லை.

திரும்பும்போது நீடாமங்கலம் கேட் மறுபடியும் மூடியிருந்தது. இருட்டிவிட்டது. அப்பா தலையைத் தடவித் தடவிப் பார்த்தார்.

“என் முடியை யார் எடுத்தது?”

“அம்மா கேட்டாள் அப்பா. கொடுத்துவிட்டோம்.”

“அம்மாவா?” என்று கொஞ்சம் யோசித்தார். “சரி, கேட்டால் கொடுக்க வேண்டியதுதான்” என்றவர், என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டார். அவர் தலைச் சந்தனம் என் சட்டையில் ஒட்டிக்கொண்டது. கேட் திறக்கும் வரை அசையாமல் உட்கார்ந்திருந்தேன்.