டிசி கையில், பெயர் இன்னும் பழைய பள்ளியில்

முக்கியமானதை முதலில் சொல்லிவிடுகிறேன். தனியார் பள்ளியிலிருந்து அரசுப் பள்ளிக்குப் பிள்ளைகளை மாற்ற நினைப்பவர்கள் டிசியை, அதாவது மாற்றுச் சான்றிதழை, மட்டும் துரத்த வேண்டாம். எமிஸ் என்கிற கணினிப் பதிவில் பிள்ளையின் பெயர் பழைய பள்ளியின் கணக்கில் இருக்கும்வரை, டிசி கையில் இருந்தாலும் பாதி வேலைதான் முடிந்திருக்கும். 2021 ஜூனில் இதை யாராவது எங்களுக்குச் சொல்லியிருந்தால் எவ்வளவோ அலைச்சல் மிச்சமாகியிருக்கும். அதனால்தான் எழுதுகிறேன்.

நாங்கள் இருப்பது கொங்குப் பக்கம் ஒரு சின்ன டவுன். வீட்டுக்காரர் வேறொரு பள்ளிக்கு வேன் ஓட்டிக்கொண்டிருந்தார். 2020 மார்ச்சில் கொரோனாவுக்காகப் பள்ளிகளை மூடியதும் வேன் நின்றது, கூடவே சம்பளமும் நின்றது. நான் பனியன் கம்பெனியில் கணக்கு பார்க்கிறேன். மகள் எட்டாவது, மகன் ஐந்தாவது, இருவரும் ஒரே மெட்ரிக் பள்ளி. அந்த வருடம் முழுக்க ஆன்லைன் வகுப்புக்கு வீட்டில் இருந்தது ஒரே செல்போன். இவளுக்குக் கணக்கு நடக்கும் நேரத்தில்தான் அவனுக்கு ஆங்கிலம் வைப்பார்கள். ஒருவர் உள்ளே போனால் இன்னொருவருக்கு ஆப்சென்ட். நான் கம்பெனிக்குப் போனை எடுத்துப் போய்விட்டால் இரண்டு பேருக்கும் ஆப்சென்ட்.

கட்டண விஷயம் இப்படி. 2020 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம், முந்தைய ஆண்டுக் கட்டணத்தில் 75 சதவீதத்தைத் தனியார் பள்ளிகள் வாங்கிக்கொள்ளலாம் என்றது. முதலில் 40 சதவீதம், பள்ளி திறந்த பிறகு 35. அந்த 40ஐ நகையை அடகு வைத்துக் கட்டினோம். அப்புறம் 2021 ஜனவரியில் 10, 12ஆம் வகுப்புகளைத் திறந்தார்கள், பிப்ரவரியில் 9, 11. எட்டாவது வரைக்கும் அந்தக் கல்வியாண்டில் பள்ளி திறக்கவே இல்லை. திறக்காத பள்ளிக்கு மீதி 35ஐ எப்போது கட்டுவது என்று கேட்டால் ஒவ்வொரு முறையும் வேறு வேறு பதில் வந்தது. ஜூன் மாதம் அரசுப் பள்ளிகளில் சேர்க்கை ஆரம்பித்ததும், மகனை ஆறாவதுக்கும் மகளை ஒன்பதாவதுக்கும் மாற்றிவிடலாம் என்று முடிவெடுத்தோம்.

பழைய பள்ளியில் கேட் பூட்டியிருந்தது. வாட்ச்மேன் அண்ணன் முகம் தெரிந்தவர் என்பதால் உள்ளே விட்டார். ஆபீஸ் ஜன்னலில் இருந்த கிளார்க் என் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை.

"பழைய பாக்கி, அப்புறம் இந்த வருஷம் ஃபர்ஸ்ட் டேர்ம். ரெண்டும் கட்டீட்டு வாங்க, டிசி ரெடி பண்றோம்."

"இந்த வருஷம் நாங்க இங்க படிக்கலீங்களே, அதுக்கு எதுக்குங்க ஃபீஸ்?"

"ஜூன் ஆரம்பிச்சுருச்சு மேடம். நேம் ரோல்ல ஏறியாச்சு."

நாங்கள் ஏற்றச் சொல்லவில்லை. பழைய பாக்கியைத் தரமாட்டேன் என்றும் சொல்லவில்லை. அங்கே பாடம் எடுத்த மிஸ்களுக்குப் பாதிச் சம்பளம்கூட ஒழுங்காக வரவில்லை என்பது எனக்குத் தெரியும். அதில் ஒருவர் துணிக்கடையில் பில் போட்டுக்கொண்டிருந்ததை நானே பார்த்தேன். அந்த 35ஐத் தவணையில் கட்டிவிடுகிறோம் என்று எழுதிக் கொடுக்கவும் தயாராக இருந்தோம். ஆனால் படிக்கப்போகாத வருடத்துக்கு எதற்குப் பணம்? அந்த ஜன்னலில் அதற்குப் பதிலே இல்லை. டிசி கேட்டு எழுதிய கடிதத்தை நீட்டினேன். வாங்கிக்கொண்டார். வாங்கியதற்கு ஒரு சீல் போட்டுத் தாருங்கள் என்றதும் கடிதத்தை அப்படியே திருப்பித் தள்ளிவிட்டார்.

இங்கே ஒரு விஷயம். சீல் போட மறுத்தால் அங்கே நின்று வாதாடிப் பயனில்லை. நேராகத் தபால் நிலையம் போய், அதே கடிதத்தைப் போய்ச் சேர்ந்ததற்கு அத்தாட்சி கிடைக்கும்படி அனுப்புங்கள். நான் அப்போது ஒப்புதல் அட்டையோடு பதிவுத் தபாலில் அனுப்பினேன்; 2025 செப்டம்பரில் பதிவுத் தபாலை ஸ்பீட் போஸ்ட்டோடு சேர்த்துவிட்டார்கள். பிள்ளையின் பெயர், வகுப்பு, எமிஸ் எண், டிசி கேட்கும் தேதி எல்லாம் கடிதத்தில் இருக்க வேண்டும். சில நாளில் பள்ளியின் கையெழுத்தோடு அந்த அட்டை வீட்டுக்கு வந்துவிட்டது. பின்னால் எனக்குக் கைகொடுத்த ஒரே அத்தாட்சி அதுதான்.

அரசு மேல்நிலைப் பள்ளியில் கிடைத்த வரவேற்பு நேர்மாறாக இருந்தது. தலைமையாசிரியை மர நிழலில் மேசை போட்டு உட்கார்ந்திருந்தார். "வாங்க கண்ணு, உட்காருங்க" என்று சொல்லிவிட்டுத்தான் காகிதங்களைக் கேட்டார். மகனின் பிறப்புச் சான்றிதழ், ஆதார், போட்டோ இருந்தன. டிசி இல்லை என்றேன்.

"பரவால்ல. எட்டாவது வரைக்கும் டிசி இல்லைன்னு நாங்க சேர்க்காம இருக்கக் கூடாது. சட்டத்துலயே இருக்கு."

அவர் சொன்னது 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், ஐந்தாவது பிரிவு. வேறு பள்ளிக்கு மாறும் பிள்ளைக்குத் தலைமையாசிரியர் உடனே டிசி தர வேண்டும். டிசி வரத் தாமதமாகிறது என்பதைக் காட்டி, புதிய பள்ளி சேர்க்கையைத் தள்ளிப்போடவோ மறுக்கவோ முடியாது. மகனுக்கு அன்றைக்கே அட்மிஷன் போட்டார். ஆறாவது முதல் பன்னிரண்டாவது வரை அரசுப் பள்ளியில் படித்தால் மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு உண்டு, சரியான வகுப்பில்தான் கூட்டி வந்திருக்கிறீர்கள் என்றும் சொன்னார். அப்போது மகள் பக்கத்தில்தான் நின்றாள். அவளுக்கு அது கிடையாது என்பதை யாரும் சொல்லாமலே புரிந்துகொண்டாள். அவள் முகம் போன போக்கை இன்றைக்கு நினைத்தாலும் சங்கடமாக இருக்கிறது.

அவளுக்குத்தான் அடுத்த சிக்கலும். அந்தச் சட்டம் எட்டாவதோடு நின்றுவிடுகிறது. ஒன்பதாவதில் சேர டிசி வேண்டும் என்று அப்போது சொன்னார்கள். தலைமையாசிரியை யோசித்துவிட்டு, "பொண்ணு சும்மா வீட்ல இருக்க வேண்டாம், வாட்ஸ்அப் குரூப்ல சேர்த்துக்கறேன், கல்வித் தொலைக்காட்சி பார்க்கட்டும். டிசி வந்ததும் பதிவேட்டுல ஏத்திக்கலாம்" என்றார். அப்போது அரசு கேபிளில் 200வது சேனல். மகள் நோட்டை மடியில் வைத்துக்கொண்டு டிவி முன்னால் உட்கார்ந்து எழுதினாள். செல்போனுக்குச் சண்டை போட வேண்டிய தேவை இல்லாமல் போனது.

ஆனால் மகன் விஷயமும் முடிந்துவிடவில்லை. கொஞ்ச நாளில் பள்ளியிலிருந்து போன். "எமிஸ்ல பையன் பேரு வரலீங்க. பழைய ஸ்கூல்ல காமன் பூலுக்கு விட்டாத்தான் நாங்க எடுக்க முடியும்" என்றார் அந்த வேலையைப் பார்க்கும் ஆசிரியர். தமிழ்நாட்டில் பள்ளி மாணவர்களுக்கு எமிஸ் எண் உண்டு. பிள்ளை மாறும்போது பழைய பள்ளி அந்தப் பெயரைத் தன் பட்டியலிலிருந்து விடுவித்துப் பொதுத் தொகுப்பில் போட வேண்டும், புதிய பள்ளி அங்கிருந்து எடுத்துக்கொள்ள வேண்டும். விடுவிக்கவில்லை என்றால் பிள்ளை அரசுக் கணக்கில் இன்னும் பழைய பள்ளியில்தான் படிக்கிறான். சட்டம் அவனைப் புதிய பள்ளிக்குள் விட்டுவிட்டது, கணினி விடவில்லை.

சரி, மாவட்டக் கல்வி அலுவலகத்துக்குப் போகலாம் என்று கிளம்பினோம். அந்தச் சமயத்தில் எங்கள் மாவட்டம், தொற்று குறையாத 11 மாவட்டங்களில் ஒன்று. ஜூலை 5 வரை எங்களுக்குப் பஸ் கிடையாது. ஸ்கூட்டியில்தான் போனோம். வழியில் போலீஸ் நிறுத்தி எங்கே என்று கேட்டார்கள், டிசி கடிதத்தின் நகலைக் காட்டியதும் விட்டுவிட்டார்கள். அலுவலக வாசலிலேயே கயிறு கட்டி, வெளியே ஒரு பெட்டி வைத்திருந்தார்கள். பெட்டியில் போட்டுவிட்டுப் போங்கள் என்றார் பியூன். இவ்வளவு தூரம் வந்துவிட்டு எப்படிப் பெட்டியில் போடுவது? ஒரு வார்த்தை பேசிவிட்டுப் போகிறோம் என்று வெயிலில் நின்றோம். கடைசியில் ஒருவர் வெளியே வந்து மனுவின் முதல் இரண்டு வரியைப் படித்தார். "ஸ்கூல் எந்த ஊருங்க?" சொன்னேன். "அது எங்க கல்வி மாவட்டத்துல வராதுங்க."

அப்போது ஒரே வருவாய் மாவட்டத்துக்குள் பல கல்வி மாவட்டங்கள் இருந்தன. எங்கள் வீடும் புதிய பள்ளியும் ஒன்றில், பழைய பள்ளி இன்னொன்றில். புகார் எந்தப் பள்ளி மேலோ, அந்தப் பள்ளி இருக்கும் கல்வி மாவட்டத்துக்குத்தான் மனு போக வேண்டியிருந்தது. 2022ல் இந்த அலுவலக அமைப்பு மாறிவிட்டது, அதனால் கிளம்பும் முன்னால் எந்த அலுவலகம் என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். கோடு எங்கே போகிறது என்று பெற்றோருக்கு எப்படித் தெரியும் என்று அங்கே கேட்டேன். நல்ல கேள்வி என்பதுபோலத் தலையை ஆட்டிவிட்டு உள்ளே போய்விட்டார்.

திரும்பி வந்ததும் 14417க்குப் போன் செய்தேன். பள்ளிக் கல்வித் துறையின் கட்டணமில்லா உதவி எண். எடுத்த பெண் அவசரப்படாமல் கேட்டார். எழுத்தில் கேட்டீர்களா, எந்தத் தேதியில், பள்ளிக்குப் போய்ச் சேர்ந்ததற்கு என்ன சான்று? ஒப்புதல் அட்டையில் இருந்த தேதியைப் படித்தேன். அதற்குப் பிறகுதான் அவர் குரலில் ஒரு உறுதி வந்தது. புகார் எண் கொடுத்தார். அதே எண்ணைக் குறிப்பிட்டு, சரியான கல்வி மாவட்ட அலுவலகத்துக்கும் முதன்மைக் கல்வி அலுவலருக்கும் பதிவுத் தபாலில் மனு அனுப்பினேன். இந்த முறை ஸ்கூட்டியை எடுக்கவில்லை.

அலுவலகத்திலிருந்து பள்ளிக்கு என்ன சொன்னார்களோ தெரியாது. ஆனால் பள்ளியிலிருந்து அவர்களே கூப்பிட்டார்கள். அதே ஜன்னல், அதே கிளார்க். ஃபர்ஸ்ட் டேர்ம் பேச்சையே எடுக்கவில்லை. பழைய 35ஐத் தவணையில் தருகிறோம் என்ற கடிதத்தை வாங்கிக்கொண்டு, அதற்கு சீலும் போட்டுக் கொடுத்தார். வீட்டுக்காரர் அந்த சீலை விரலால் தடவிப் பார்த்தார்.

டிசியை வாங்கியவுடன் பைக்குள் வைக்காதீர்கள். அங்கேயே நின்று வரிவரியாகப் படியுங்கள். மகளின் டிசியில் பிறந்த தேதி எண்ணில் 14 என்றும் எழுத்தில் பதினாறு என்றும் இருந்தது. சொன்னதும் கிளார்க் பேனாவை எடுத்து, பதினாறு மேலேயே எழுதித் திருத்தப் பார்த்தார். நான் விடவில்லை. அடித்தல் திருத்தல் இருந்தால் வாங்க வேண்டாம் என்று புதிய பள்ளித் தலைமையாசிரியை முன்கூட்டியே சொல்லியிருந்தார். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் ஏறப்போகும் தேதி இதுதானே. வேறு படிவத்தில் எழுதி, பிரின்சிபால் கையெழுத்து வாங்கி வர மதியம் ஆகிவிட்டது. காத்திருந்தோம். பெயரின் எழுத்து, இனிஷியல், அப்பா பெயர், சாதிப் பிரிவு, அங்க அடையாளம், மேல் வகுப்புக்கு உயர்த்தப்பட்டார் என்ற வரி, எல்லாவற்றையும் சரிபார்த்து, பெயரையும் பிறந்த தேதியையும் ஆதாரோடு ஒப்பிட்டுப் பார்த்த பிறகுதான் படியிறங்கினோம்.

"எமிஸ்லயும் ரிலீஸ் பண்ணிருங்க" என்றேன். "பண்ணிர்றோம்" என்றார். பண்ணவில்லை. சர்வர் வேலை செய்யவில்லை, அந்த வேலை பார்ப்பவர் லீவு, நாளைக்குப் பாருங்கள் என்று இழுத்துக்கொண்டே போனது. கடைசியில் புதிய பள்ளியின் ஆசிரியரே கணினியில் கோரிக்கை போட்டு, அந்தக் கோரிக்கையின் நகலையும் டிசியின் நகலையும் வட்டார வள மையத்தில் எமிஸ் பார்ப்பவருக்கு அனுப்பினார். அங்கிருந்து பள்ளிக்குப் போன் போனது. அன்று சாயங்காலமே இரண்டு பெயர்களும் வந்துவிட்டன. ஆசிரியர் கணினித் திரையைப் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தார். இரண்டு பெயர்களுக்கும் மேலே புதிய பள்ளியின் பெயர். அந்தப் போட்டோவை இன்னும் அழிக்கவில்லை.

செப்டம்பர் 1 அன்று ஒன்பதாவது முதல் பன்னிரண்டாவது வரை திறந்தார்கள். மகள் முகக்கவசத்தோடு போனாள். நவம்பர் 1 அன்று மகனும் போனான். பள்ளிக்கே போகாமல் ஒன்றரை வருடம் இருந்தவனுக்கு வகுத்தல் சுத்தமாக மறந்திருந்தது. எங்கள் தெருவில் இல்லம் தேடிக் கல்வி ஆரம்பித்த பிறகு, சாயங்காலம் தன்னார்வலராக வந்த கல்லூரிப் பெண் ஒருத்திதான் அவனைத் தேற்றினாள். அந்த அக்காவுக்கு எங்கள் வீட்டில் தினமும் டீ உண்டு.

ஒன்பதாவதில் பிள்ளையை மாற்றுகிறவர்களுக்கு இன்னும் ஒன்று. பத்தாவது பொதுத்தேர்வுக்கான பெயர்ப் பட்டியலை எமிஸ் விவரங்களிலிருந்துதான் எடுக்கிறார்கள். பெயர் பழைய பள்ளியில் மாட்டியிருந்தால் அப்போது ஓட்டம் இன்னும் கூடும். ஒன்பதாவதிலேயே, ஆண்டின் தொடக்கத்திலேயே, வகுப்பாசிரியரிடம் போய்த் திரையில் பெயரையும் பிறந்த தேதியையும் ஒருமுறை காட்டச் சொல்லிப் பாருங்கள். தபால் ரசீதுகளையும் ஒப்புதல் அட்டைகளையும், பிள்ளை பத்தாவது முடிக்கும்வரை ஒரே ஃபைலில் வைத்திருங்கள்.