அடைக்கலத்தின் செலவுக் கணக்கு: ஒரு வரலாற்று நாவலை வகுப்பில் நடத்துவது

எலிசபெத் ஜார்ஜ் ஸ்பியர் 1958இல் எழுதிய 'தி விட்ச் ஆஃப் பிளாக்பேர்ட் பாண்ட்' நாவலைப் பன்னிரண்டு, பதின்மூன்று வயது மாணவர்களுக்கு நடத்தும்போது, பெரும்பாலும் முதல் வாரத்திலேயே வகுப்பு தீர்ப்பு சொல்லிவிடுகிறது. கதாநாயகி கிட் நல்லவள், அவள் வந்து சேரும் ஊரின் பியூரிட்டன்கள் (கண்டிப்பான கிறித்தவப் பிரிவினர்) கொடுமைக்காரர்கள். அதன்பின் மாணவர்கள் வாசிப்பதெல்லாம் அந்தத் தீர்ப்புக்குச் சான்று தேடும் வாசிப்பாகிவிடுகிறது. தப்பெண்ணம் எப்படி உருவாகிறது என்று காட்டும் ஒரு நாவலைத் தப்பெண்ணத்தோடேயே வாசித்து முடித்துவிடுகிறார்கள். இதைத் தவிர்க்கும் பொறுப்பு ஆசிரியருடையது. அதற்கான வேலை புத்தகத்தைத் திறப்பதற்கு முன்பே தொடங்க வேண்டும்.

கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1687 ஏப்ரலில், பதினாறு வயது கிட் டைலர் பார்படோஸ் தீவிலிருந்து டால்ஃபின் என்ற பாய்மரக் கப்பலில், வட அமெரிக்காவின் ஆங்கிலேயக் காலனியான கனெக்டிகட் வருகிறாள். வளர்த்த தாத்தா இறந்துவிட்டார். மிஞ்சியிருக்கும் உறவு அங்கே வெதர்ஸ்ஃபீல்டு என்ற ஊரில் இருக்கும் சித்தி ரேச்சலின் குடும்பம் மட்டுமே. ஆற்றில் விழுந்த ஒரு சிறுமியின் பொம்மையை எடுக்க அவள் நீரில் குதித்து நீந்துகிறாள். பெண் நீந்துவதைப் பார்த்த நொடியிலேயே சந்தேகம் பிறக்கிறது. ஊருக்கு வெளியே குளத்தங்கரையில் தனியாக வாழும் குவேக்கர் (பியூரிட்டன்கள் வெறுத்த இன்னொரு கிறித்தவப் பிரிவு) கிழவி ஹன்னா டப்பரோடு பழகுவது அந்தச் சந்தேகத்தை வளர்க்கிறது. ஊரில் காய்ச்சல் பரவியதும் ஒரு கும்பல் ஹன்னாவின் குடிசையைக் கொளுத்துகிறது. கிட் சூனியக்காரி என்று விசாரிக்கப்படுகிறாள். மொத்தம் 21 அத்தியாயங்கள். நாற்பத்தைந்து நிமிடப் பாடவேளைகளாக வாரத்துக்கு ஐந்து கிடைத்தால் நான்கு வாரம் போதும். 1–4, 5–9, 10–14, 15–18, 19–21 என்று பிரிப்பது கதையின் ஓட்டத்தோடு பொருந்துகிறது. கடைசிப் பகுதியில் மூன்றே அத்தியாயங்கள்தான் என்றாலும், விசாரணைக் காட்சிக்காக நான்காம் வாரம் முழுவதையும் அதற்கே ஒதுக்க வேண்டும்.

அடிக்கடி நடக்கும் முதல் பிழை, மாசசூசெட்ஸ் காலனியில் இருந்த சேலம் ஊரின் வழக்குகளிலிருந்து தொடங்குவது. சூனிய வழக்கு என்றதும் 1692இன் சேலம் நினைவுக்கு வருவது இயல்புதான். ஆனால் நாவல் நடப்பது அதற்கு ஐந்தாண்டு முன்பு, வேறொரு காலனியில். அந்தக் காலனிக்கு அதன் சொந்த வரலாறு உண்டு. 1647இல் ஹார்ட்ஃபர்டில் தூக்கிலிடப்பட்ட ஆல்ஸ் யங்கின் வழக்குதான் நியூ இங்கிலாந்தில் (கனெக்டிகட், மாசசூசெட்ஸ் முதலிய காலனிகளில்) பதிவான முதல் சூனிய மரண தண்டனை. வெதர்ஸ்ஃபீல்டிலிருந்தே 1648இல் மேரி ஜான்சனும் 1651இல் ஜான், ஜோன் காரிங்டன் தம்பதியும் தண்டிக்கப்பட்டார்கள். 1662–63இல் ஹார்ட்ஃபர்டில் ஒரு பீதி அலை எழுந்து, அதோடு கனெக்டிகட்டில் தூக்கு நின்றது. சேலத்தை முன்னால் வைத்தால் மாணவர்கள் கிட்டுக்குத் தூக்குமேடையை எதிர்பார்த்துக்கொண்டே வாசிக்கிறார்கள். கனெக்டிகட் வரிசையைக் கரும்பலகையில் எழுதினால் வேறு கேள்வி எழுகிறது. கால் நூற்றாண்டாக யாரையும் தூக்கிலிடாத ஊரில் இந்த பயம் எங்கே ஒளிந்திருந்தது? வகுப்பை நான்கு வாரமும் கொண்டுபோகும் கேள்வி இதுதான்.

அடுத்ததாக, குவேக்கருக்கு அடைக்கலம் கொடுப்பது அன்று சட்டப்படி தண்டனைக்குரிய செயல் என்பதை விளக்க வேண்டும். இது புரியாவிட்டால் ஹன்னாவின் தனிமை வெறும் சோகக் கதையாகச் சுருங்கிவிடும். 1656 ஜூலையில் மேரி ஃபிஷர், ஆன் ஆஸ்டின் என்ற இரண்டு குவேக்கர் பெண்கள் பாஸ்டன் துறைமுகத்துக்கு வந்தார்கள். அவர்கள் வந்த கப்பலும் பார்படோஸிலிருந்து வந்ததுதான். அவர்களுடைய புத்தகங்கள் எரிக்கப்பட்டன. சூனிய அடையாளம் இருக்கிறதா என்று உடல்கள் சோதிக்கப்பட்டன. ஐந்து வாரச் சிறைக்குப் பின் திருப்பி அனுப்பப்பட்டார்கள். அதே ஆண்டில் மாசசூசெட்ஸ், குவேக்கரை ஏற்றி வரும் கப்பல் தலைவனுக்கு 100 பவுண்டு அபராதம் என்று சட்டம் போட்டது. கனெக்டிகட், குவேக்கரை வைத்துக்கொள்ளும் ஊருக்கு வாரத்துக்கு 5 பவுண்டு என்றது. 1659க்கும் 1661க்கும் இடையே பாஸ்டனில் நான்கு குவேக்கர்கள் தூக்கிலிடப்பட்டார்கள். ஹன்னாவின் நெற்றியில் இருக்கும் சூட்டுத் தழும்பு இந்தக் காலத்தின் தழும்பு. இத்தனையையும் ஒரே பாடவேளையில் சொல்லிவிடலாம். அதற்கு மேல் இழுத்தால் நாவல் பின்னுக்குப் போய்விடும்.

இதற்குப் பிறகு மாணவர்களின் குறிப்பேட்டில் ஒரு கணக்குப் பக்கம் திறக்கச் சொல்வது பலன் தருகிறது. செங்குத்தாகக் கோடு போட்டுப் பிரித்த ஐந்து பத்திகள்: யார் கொடுத்தார், யாருக்கு, என்ன கொடுத்தார், அதனால் அவருக்கு என்ன செலவு அல்லது ஆபத்து, பக்க எண். அன்பு, கருணை போன்ற சொற்களை மூன்றாம் பத்தியில் அனுமதிக்கக் கூடாது. கட்டில், சோறு, கம்பளி, நேரம், சாட்சி என்று கையால் தொடக்கூடியதையோ ஊர் பார்க்கக்கூடியதையோ மட்டும்தான் எழுத வேண்டும். இந்த ஒரு கட்டுப்பாடு வாசிப்பையே மாற்றிவிடுகிறது.

காரணம் இதுதான். கிட் வருவதாகக் கடிதம் எழுதவில்லை. ஏழு பெட்டி பட்டாடைகளோடு திடீரென்று வந்து நிற்கிறாள். கம்பளி சிக்கெடுக்கவோ சமைக்கவோ களை பிடுங்கவோ அவளுக்குத் தெரியாது. சித்தப்பா மேத்யூ வுட் கடுமையான மனிதர். பட்டாடைகளைத் தன் மகள்கள் உடுத்தக் கூடாது என்கிறார், பேச்சில் கனிவில்லை. மாணவர்கள் அவரைக் கெட்டவர் பட்டியலில் போட்டுவிடுகிறார்கள். கணக்குப் பக்கத்தைப் பார்த்தால் நிலைமை வேறு. ஆண் பிள்ளைகளை இழந்து, வேலைக்குக் கை போதாத அந்த வீட்டில், ஏற்கெனவே ஒவ்வொரு கவளமும் எண்ணிச் செலவாகும் அந்த வீட்டில், முன்னறிவிப்பின்றி வந்தவளுக்கு முதல் நாளிலிருந்தே இடமும் உணவும் கிடைக்கின்றன. அவளைத் திருப்பி அனுப்பும் பேச்சே எழவில்லை. பிற்பாடு கும்பல் வாசலில் நிற்கும்போதும் விசாரணையிலும் அவளுக்காக நிற்பவர் அதே மேத்யூதான். இனிமையாகப் பேசுவதும் இடம் கொடுப்பதும் வேறுவேறு செயல்கள் என்பதை எந்த விளக்கமும் இல்லாமல் அந்த ஐந்து பத்திகள் காட்டிவிடுகின்றன.

மறுபக்கத்தில், கிட்டின் கணக்கையும் எழுதச் சொல்ல வேண்டும். இங்கேதான் பல வகுப்புகள் தயங்குகின்றன. அவளுடைய கப்பல் கட்டணம் எங்கிருந்து வந்தது? தனக்கென்று இருந்த கறுப்பினப் பெண்ணை விற்றதிலிருந்து. நாவல் இதை ஓரிரு வரியில் சொல்லிக் கடந்துவிடுகிறது. ஆசிரியரும் கடந்துவிட்டால், அடைக்கலம் பற்றிய பாடத்தில் மிகப் பெரிய விலை கொடுத்தவள் பெயரே இல்லாமல் போய்விடுவாள். 1640களில் கரும்புக்கு மாறிய பார்படோஸில், கிட்டின் காலத்தில் அடிமைப்படுத்தப்பட்ட ஆப்பிரிக்கர்களின் எண்ணிக்கை வெள்ளையரைவிட மிக அதிகம். அவர்களைச் சொத்தாக வரையறுத்த அடிமைச் சட்டம் 1661இலேயே வந்துவிட்டது. கப்பலில் அதன் தலைவனின் மகன் நாட் ஈட்டன், தன் கப்பல் அடிமைகளை ஏற்றாது, குதிரை நாற்றமே மேல் என்று சொல்லும் இடம் மாணவர்களுக்குப் பிடிக்கும். அங்கேயும் ஒரு கேள்வி வைக்கலாம். அந்தக் குதிரைகள் எங்கே போகின்றன? நியூ இங்கிலாந்தின் குதிரைகளும் மரமும் மீனும் மேற்கிந்தியத் தீவுகளின் கரும்புத் தோட்டங்களுக்குத்தான் போயின. சர்க்கரையும் வெல்லப்பாகும் திரும்பி வந்தன. நாட் நல்லவன்தான், அவன் கப்பலின் வருமானமும் அந்தத் தோட்டங்களிலிருந்தே வருகிறது. இரண்டையும் சேர்த்துப் பார்க்க இந்த வயதினரால் முடியும். அவர்களால் முடியாது என்று ஆசிரியர்கள் நினைப்பதுதான் தடை.

அதேபோல, வெதர்ஸ்ஃபீல்டுக்கே வந்தேறியவர்கள் அந்த ஊர்க்காரர்கள்தான். 1634இல் ஆங்கிலேயர் குடியேறுவதற்கு முன் அது வாங்கங்க் என்ற பூர்வகுடி மக்களின் பைக்வாக் என்ற இடம். நாவலில் பூர்வகுடிகள் பெரும்பாலும் தொலைவிலிருக்கும் ஆபத்தாக மட்டுமே வருகிறார்கள். கணக்குப் பக்கத்தில் முதல் வரிசையை வாங்கங்க் மக்களுக்காகக் காலியாக விடச் சொல்லலாம். அதை நிரப்பப் புத்தகத்தில் பக்க எண் கிடைக்காது. அந்தக் காலியிடமே பேச வேண்டிய விஷயம்.

விசாரணைப் பகுதிக்கு வருவோம். இதை நாடகமாக நடிக்க வைப்பது வழக்கம். அது இரண்டு விதமாகக் கெட்டுப்போகிறது. ஒன்று, குற்றம் சாட்டுபவர்கள் கத்திக் கூத்தடிக்க, வகுப்பு சிரிக்கத் தொடங்கிவிடுகிறது. அந்தக் குற்றச்சாட்டுகளைச் சொன்னவர்கள் பிள்ளைகள் காய்ச்சலில் கிடந்த பெற்றோர், அவர்கள் பயந்துபோனவர்கள் என்பது மறைந்துவிடுகிறது. இரண்டாவது இன்னும் மோசம். கிட்டாக நிற்கும் மாணவியை வகுப்பு நிஜமாகவே குறிவைக்கத் தொடங்குகிறது. வேறு ஊரிலிருந்தோ நாட்டிலிருந்தோ அண்மையில் வந்து சேர்ந்த மாணவருக்கு ஒருபோதும் கிட் வேடம் கொடுக்கக் கூடாது. 'நீயும் புதிதாக வந்தவள்தானே, உன் அனுபவத்தைச் சொல்' என்று கேட்கவும் கூடாது. அவர்களாகச் சொன்னால் கேட்டுக்கொள்வது வேறு. கேட்டு வாங்கினால், நாவலில் ஊர் செய்ததையே வகுப்பும் செய்கிறது: ஒருவரைத் தனியே நிறுத்தி வேடிக்கை பார்ப்பது.

நடிப்பைவிடச் சான்று அட்டவணை நன்றாக வேலை செய்கிறது. விசாரணையில் சொல்லப்படும் ஒவ்வொரு குற்றச்சாட்டையும் தனித் தாளில் எழுத வேண்டும். ஒவ்வொன்றுக்கும் மூன்று கேள்விகள். சாட்சி கண்ணால் கண்டது என்ன? அதிலிருந்து அவர் ஊகித்தது என்ன? அதே நிகழ்வை வேறு யாராவது பார்த்தார்களா? நான்கு பேர் கொண்ட குழுவுக்கு ஒரு பாடவேளை போதும். முதல் கேள்வியில்தான் சறுக்குவார்கள். 'அவள் பிள்ளைகளுக்கு நோய் வரவைத்தாள்' என்பதைக் கண்ட பத்தியில் எழுதிவிடுவார்கள். கண்டது பிள்ளை நோயுற்றது மட்டும்தான் என்று பிரித்துக்காட்ட வேண்டும். இரண்டு மூன்று தாள்களுக்குப் பின் அவர்களே பிரிக்கத் தொடங்குவார்கள்.

மூன்றாம் கேள்விக்குப் பின்னால் உண்மையான வரலாறு இருக்கிறது. நாவலில் வரும் கெர்ஷம் பல்க்லி கற்பனைப் பாத்திரம் அல்லர். வெதர்ஸ்ஃபீல்டில் போதகராகவும் பின்னர் மருத்துவராகவும் வாழ்ந்தவர். அந்த ஊரின் கேத்தரின் ஹாரிசன் என்ற பணக்கார விதவை மேல் சூனிய வழக்கு வந்தது. அவருடைய மாடுகளை ஊரார் வெட்டிக் காயப்படுத்தினார்கள், பயிரை அழித்தார்கள். 1669இல் நடுவர் குழு குற்றவாளி என்றது. ஆனால் நீதிபதிகள் தயங்கிப் போதகர்களிடம் கருத்துக் கேட்டார்கள். பல்க்லியின் கையெழுத்திலேயே நமக்குக் கிடைத்திருக்கும் அந்தப் பதில், ஒரே நிகழ்வுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட சாட்சி வேண்டும் என்கிறது. 1670இல் ஹாரிசன் விடுவிக்கப்பட்டார், ஊரை விட்டுப் போக வேண்டும் என்ற நிபந்தனையோடு. நாவலின் விசாரணையில் பல்க்லி எழுந்து இதே நியாயத்தைத்தான் பேசுகிறார். கிட்டின் முழுப்பெயரும் கேத்தரின்தான் என்பதை மாணவர்கள் தாமாகக் கண்டுபிடிக்க விட்டுவிட வேண்டும். அந்த நேரத்தில் வகுப்பில் எழும் சலசலப்பை ஆசிரியர் முன்கூட்டியே சொல்லிக் கெடுக்கக் கூடாது.

அட்டவணை முடிந்ததும் ஒரு கசப்பான உண்மையும் தெரியவரும். கிட் விடுதலையாவது சாட்சி விதியால் மட்டும் அல்ல. ஆற்றில் பொம்மையைத் தவறவிட்ட அந்தச் சிறுமி ப்ரூடென்ஸ், கிட் ரகசியமாகக் கற்றுக்கொடுத்தபடி நீதிபதி முன் வாசித்தும் எழுதியும் காட்டுகிறாள். மகள் மந்தபுத்தி என்று இதுவரை நம்பவைக்கப்பட்ட தந்தை பூரித்துப்போகிறார். வழக்கு அங்கே நொறுங்குகிறது. சூனியம் என்பதே இல்லை என்று அந்த அறையில் யாரும் சொல்லவில்லை. படிக்கத் தெரியாத ப்ரூடென்ஸாக இருந்திருந்தால்? இந்தக் கேள்வியை எழுத்தில் பதிலளிக்கச் சொல்லி அரைமணி நேரம் கொடுத்தால், இந்தப் பாடத்தின் மிகச் சிறந்த பக்கங்கள் அப்போதுதான் கிடைக்கும்.

ஆண்ட்ரோஸ் பகுதியைப் பல ஆசிரியர்கள் தாண்டிவிடுகிறார்கள். அரசர் அனுப்பிய ஆளுநர் எட்மண்ட் ஆண்ட்ரோஸ் 1687 அக்டோபர் 31 அன்று ஹார்ட்ஃபர்டுக்கு வந்து காலனியின் சாசனத்தைக் கேட்டதும், அது ஓக் மரப் பொந்தில் ஒளிக்கப்பட்டதாகச் சொல்லப்படும் மரபும் அரசியல் பாடம் போலத் தெரிவதால் இப்படி நடக்கிறது. தாண்டக் கூடாது. தன் உரிமையை அரசரிடம் விட்டுக்கொடுக்க மறுக்கும் அதே மேத்யூ, ஹன்னாவைப் பார்க்கப் போகக் கூடாது என்று கிட்டைத் தடுக்கிறார். இந்த முரணைத் தீர்த்துவைக்க முயலாமல் மாணவர்கள் முன் வைத்தால் போதும். காதல் இணைகளுக்கு மட்டும் நேரத்தைக் குறைக்கலாம். யார் யாரை மணந்தார் என்ற பேச்சு தானாகவே நடந்துவிடும்.

கடைசிக் கட்டுரைக்கு 'கிட்டிடமிருந்து நான் கற்றது' போன்ற தலைப்பு கொடுத்தால் எல்லாத் தாளிலும் ஒரே அறிவுரைதான் வரும். அதற்குப் பதிலாக ஹன்னாவைக் கேட்கலாம். கிட் விடுதலையான பிறகும் ஹன்னா வெதர்ஸ்ஃபீல்டுக்குத் திரும்புவதில்லை. நாட் ஈட்டனின் பாட்டியோடு சேப்ரூக் என்ற ஊரில் தங்கிவிடுகிறார். குடிசையைக் கொளுத்தியவர்களிடம் யாரும் கணக்குக் கேட்கவில்லை. கனெக்டிகட் சட்டமன்றம் தன் சூனிய வழக்குகளில் தண்டிக்கப்பட்டவர்களைக் குற்றமற்றவர்கள் என அறிவித்தது 2023 மே மாதத்தில்தான். வெதர்ஸ்ஃபீல்டு ஊரவைக்கு ஹன்னாவின் சார்பில் ஒரு மனு, ஒன்றரைப் பக்கம், கணக்குப் பக்கத்திலிருந்து குறைந்தது நான்கு சான்றுகள், ஒவ்வொன்றுக்கும் பக்க எண். மதிப்பிடும்போது உருக்கமான வரிகளுக்குத் தனி மதிப்பெண் வேண்டாம். அவர் எதைத் திரும்பக் கேட்கிறார், யாரிடம் கேட்கிறார், அதைக் கொடுக்க அவர்களுக்கு என்ன செலவாகும் என்ற மூன்றும் தெளிவாக இருக்கிறதா என்று பார்த்தால் போதும்.