பாஸுக்கு ஒரு ஃப்ளை ராடு: 5, 8, 6 எல்லாம் வீசிப் பார்த்து 7இல் வந்து நின்றது

ஃப்ளை ராடு, அதாவது எடையற்ற செயற்கை இரையை வீசும் தூண்டில் கோல், வாங்கக் கடைக்குப் போனால் முதலில் கேட்பது, "எவ்வளவு பெரிய மீன் பிடிக்கப் போகிறீர்கள்?" என்பதுதான். பாஸ் மீன் விஷயத்தில் இந்தக் கேள்வி ஆளைத் திசைதிருப்பிவிடும். டெக்சஸின் ஆஸ்டினில் லேடி பேர்ட் ஏரியில் எனக்கு மாட்டும் லார்ஜ்மவுத் பாஸ்களில் பாதிக்கு மேல் இரண்டு பவுண்டைத் தாண்டாதவை. அந்த எடைக்கு ட்ரௌட் பிடிக்கிற 5ஆம் எண் ராடே தாராளம். ஆனால் பாஸுக்குக் காட்டுகிற இரையை அந்த ராடால் தூக்கிப் போட முடியாது. ராடைத் தேர்ந்தெடுக்க வேண்டியது அந்த இரையை வைத்துத்தான்.

புதிதாக வருகிறவர்களுக்காக இதைக் கொஞ்சம் விளக்கிவிடுகிறேன். சாதாரணத் தூண்டிலில் இரையின் எடை நூலை இழுத்துக்கொண்டு போகும். ஃப்ளையில் அது தலைகீழ். தடித்த லைனின் எடைதான் பஞ்சு மாதிரி இருக்கும் இரையைச் சுமந்துகொண்டு போகிறது. ராடில் எழுதியிருக்கும் எண்ணும் அந்த லைனின் எடையைக் குறிப்பதுதான். லைனின் முதல் 30 அடி 140 கிரெய்ன் (சின்ன எடை அலகு) இருந்தால் 5, 160 என்றால் 6, 185 என்றால் 7, 210 என்றால் 8. கிராம் கணக்கில் பார்த்தால் 5க்கு ஒன்பது சொச்சம், 8க்குப் பதின்மூன்றரை.

கையில் இருந்தது 9 அடி நீள 5. கேன்யன் அணைக்குக் கீழே குவாடலூப் ஆற்றில் குளிர்காலத்தில் டெக்சஸ் வனவிலங்குத் துறை ரெயின்போ ட்ரௌட் விடுவார்கள், அதற்காக வாங்கியது. வெயில் ஏறியதும் அதே ராடை ஏரிக்கு எடுத்துப் போனேன். மான் முடியில் கட்டிய, 2ஆம் நம்பர் முள் வைத்த பாப்பர் என்கிற மிதக்கும் இரையை முடிந்துகொண்டேன். மான் முடிக்குள் காற்று பொதிந்திருப்பதால் இது நன்றாக மிதக்கும். லைனை வெடுக்கென்று இழுத்தால் தட்டையான முகம் தண்ணீரில் மோதி 'ப்ளக்' என்று சத்தம் போடும். பாஸுக்கு அந்தச் சத்தம்தான் அழைப்பு. ஆனால் தண்ணீரைத் தள்ளுகிற அதே முகம் வானத்தில் காற்றையும் தள்ளுகிறது. 25 அடிக்குள் சமாளிக்கலாம். 40 அடிக்கு வீசினால் லைன் முன்னே போய் விழும், பாப்பர் பாதி வழியில் களைத்துப்போய், லைனுக்கும் இரைக்கும் நடுவே கட்டும் நூலான லீடரின் மேலேயே குவியும். கொஞ்ச நேரத்தில் முடி தண்ணீர் குடித்துக் கனத்துவிட்டால் அதுவும் போச்சு. ட்ரௌட்டுக்குப் போடும் மெல்லிய லீடராக இருந்தால், பாப்பர் பறக்கும்போதே சுழன்று லீடரைக் கயிறாக முறுக்கிவிடும். உட்கார்ந்து அதைப் பிரிப்பதற்குள் மீன் மேயும் நேரம் முடிந்துவிடும்.

அடுத்து 8. ராக்போர்ட் பக்கம் கடலோரத்தில் ரெட்ஃபிஷ் பிடிக்கிற ஹூஸ்டன் நண்பனிடம் இரவல் வாங்கினேன். "எடுத்துட்டுப் போடா, சாயங்காலம் தோள் வலிக்குதுன்னு மட்டும் எனக்குப் போன் பண்ணாதே" என்றான். பாப்பரை இது அலட்சியமாகக் கொண்டுபோய் வைத்தது, எதிர்க்காற்றிலும்கூட. இன்னொரு வசதியும் தெரிந்தது. ஏரிக்கரை நெடுக சைப்ரஸ் மரங்கள். கவ்விய பாஸ் முதல் வேலையாக அந்த வேர்களுக்குள் நுழையப் பார்க்கும். அதன் தலையைத் திருப்ப உங்களுக்குக் கிடைப்பது ஓரிரு நொடிதான். 5இல் அந்த நொடி ராடு வளைவதிலேயே செலவாகிவிடும். 8இன் அடிப்பகுதி வளையாமல் இழுத்து வெளியே கொண்டுவந்துவிட்டது. ஆனால் ஒரு பவுண்டு மீனுக்கு ராடின் நுனிகூட அசையவில்லை. பாதி சுவாரஸ்யம் அங்கேயே காலி. தோள்வலியும் வந்தது, போன் மட்டும் பண்ணவில்லை.

நமக்கு இன்னொரு கணக்கும் இருக்கிறது, குவாடலூப் பாஸ். 1989 முதல் டெக்சஸின் மாநில மீன். இந்த மாநிலத்து ஆறுகளைத் தவிர வேறெங்கும் இயல்பாகக் கிடையாது. லானோ, பெடர்னாலஸ் மாதிரி ஓடும் ஆறுகளில் பாறை இடுக்கில் இருக்கும். பெரிதாக வளராது: 2014இல் ஆஸ்டினுக்குக் கீழே கொலராடோ ஆற்றில் பிடிபட்ட 3.71 பவுண்டு மீன் மாநிலச் சாதனையாகப் பதிவானது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். அதுவும் ஃப்ளை ராடில் பிடித்தது! இதற்கு 6ஆம் நம்பர் முள்ளில் (முள்ளுக்கு எண் கூடினால் அளவு குறையும்) சின்ன இரை போதும். அங்கே 8ஐ எடுத்துப் போவது அநியாயம்.

ஆக 6ஆ, 7ஆ என்று வந்து நின்றது. கடைக்குள் வெறும் ராடை ஆட்டிப் பார்ப்பதில் எனக்கு நம்பிக்கை கிடையாது. லைன் ஏறாத ராடு எல்லாமே விலை உயர்ந்ததாகத்தான் தோன்றும். முள்ளை வெட்டியெடுத்த பாப்பர் ஒன்றையும் ஊறவைக்க ஒரு பாட்டில் தண்ணீரையும் கொண்டுபோய்க் கடைக்குப் பின்னால் இருந்த புல்தரையில் வீசிப் பார்த்தேன். கடைக்காரர் ஒரு மாதிரிதான் பார்த்தார். விறைப்பான, வேகமான (அதாவது வளைந்ததும் சட்டென்று நிமிரும்) 6இல் 6ஆம் எண் லைன் போட்டபோது காய்ந்த பாப்பர் ஒழுங்காகப் போனது, நனைந்தது தடுமாறியது. அதே ராடில் 7ஆம் எண் பாஸ் லைனை ஏற்றியதும் சரியாகிவிட்டது. இந்த பாஸ் லைன்களின் எடை முழுக்க முன்பக்கத்தில். பலவற்றில் அச்சிட்ட எண்ணைவிட அரை எண், ஒரு எண் கூடவே இருக்கும். டப்பாவின் மேல் கிரெய்ன் கணக்கு போட்டிருப்பார்கள், அதைப் பாருங்கள். அப்புறம் நடுத்தர வேகமுள்ள 7ஐ எடுத்தேன். கனத்த பாப்பர் பின்னால் போய் நீளும்வரை பொறுத்து வீச வேண்டும். வேகமான ராடு அவசரப்படுத்தும், இது காத்திருக்க விடுகிறது. நனைந்த பாப்பரும் அலட்டாமல் போய் விழுந்தது. சரி, இதுதான் என்று எடுத்துக்கொண்டேன்.

நீளத்தில் ஒரு சபலம் வந்தது உண்மை. பாஸுக்கென்றே 7 அடி 11 அங்குல ராடுகள் உண்டு. பாஸ் போட்டிகளில் 8 அடிக்கு மேல் கூடாது என்று விதி இருந்த காலத்தின் மிச்சம் அந்த அளவு. தாழ்ந்த கிளைக்கு அடியில் செருகி வீச அருமையாக இருக்கும். நான் பெரும்பாலும் கயாக்கில் உட்கார்ந்தபடி வீசுகிறவன், பின்வீச்சு தண்ணீரைத் தொடாமல் இருக்க 9 அடிதான் தோது.

ரீலுக்குப் பெரிய செலவு வேண்டாம். பாஸ் நூறு அடி இழுத்துக்கொண்டு ஓடுகிற மீன் இல்லை, கையாலேயே லைனை இழுத்துக் கொண்டுவந்துவிடலாம். மிச்சமாகும் காசை லைனில் போடுங்கள். லீடர் ஏழரை அடி, நுனியில் 12 பவுண்டு நைலான்; ஃப்ளோரோகார்பன் மூழ்கும், பாப்பரின் மூக்கைக் கீழே இழுத்துவிடும்.

இப்போது ஏரிக்கு 7, லானோவுக்குப் பழைய 5. ஒன்றுதான் வாங்க முடியும் என்கிறவர்களுக்கு, பாஸ் லைன் ஏற்றிய 6 இரண்டு இடத்திலும் ஓரளவு ஒப்பேற்றும். தண்ணீர் குளிர்ந்து பாஸ் ஆழத்துக்குப் போனதும் ஈயக் கண் வைத்த க்ளவுசர் மின்னோ என்கிற மூழ்கும் இரையை இந்த 7இல் கட்டிப் பார்க்க வேண்டும். நுனி மட்டும் மூழ்கும் லைனுக்கு ஆர்டர் கொடுத்தாயிற்று.