தவணை நாள்

2025 ஜூலை 8, செவ்வாய்

அத்தைக்கு இரண்டு மாதங்களாகச் சரியான உறக்கமில்லை. கேட்டால், "நெஞ்சு படபடங்குது, வேற ஒண்ணுமில்ல" என்கிறார். தாலுகா மருத்துவமனையில் ஈசிஜி எடுத்துப் பார்த்து, இதயத்தில் குறையில்லை என்று அனுப்பிவிட்டார்கள். இன்று குழுக் கடனின் தவணை நாள் என்பதையும், விடியற்காலை மூன்று மணிக்கே அவர் எழுந்து திண்ணையில் உட்கார்ந்திருந்ததையும் எந்தச் சீட்டிலும் எழுதவில்லை.

ஜூலை 10, வியாழன்

அந்தக் கடனில் ஒருவர் கட்டத் தவறினால் குழுவிலுள்ள மற்ற பெண்கள் சேர்ந்து கட்ட வேண்டும். மாமா சாரத்திலிருந்து விழுந்து வேலைக்குப் போக முடியாமல் ஆனபின், மூன்று தவணைகளை அக்கம்பக்கத்தார்தான் சுமந்தார்கள். ஒருவரும் கடிந்து பேசவில்லை. ஆயினும் எல்லோரும் தண்ணீர் பிடித்துத் திரும்பிய பிறகே அத்தை குடத்தை எடுத்துக்கொண்டு தெருக்குழாய்க்குப் போகிறார். முன்பு யாரிடம் மனக்குறையைச் சொல்லி ஆறினாரோ, அவர்களுக்கே இப்போது கடன்பட்டிருக்கிறார். ஐவர் படுத்துறங்கும் ஒற்றை அறையில் ஒருவர் இவ்வளவு தனியாக இருக்க முடியும் என்று நான் எண்ணியதில்லை.

ஜூலை 14, திங்கள்

தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி 2021-இல் இந்தியாவில் தற்கொலையால் இறந்த 1,64,033 பேரில் 42,004 பேர் தினக்கூலிகள். இதைப் படித்தபின் அச்சம் தாளாமல், அரசின் மனநல உதவி எண்ணான 14416-ஐ அத்தைக்கு எழுதிக் கொடுத்தேன். வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டார். வீட்டிலிருப்பது ஒரே கைபேசி, அதுவும் மாமாவிடம். அத்தை எங்கே நின்று, யார் காதிலும் விழாமல் பேசுவார்?

ஜூலை 18, வெள்ளி

மாவட்ட மனநலத் திட்டத்தின் மருத்துவர் வாரம் ஒருநாள் தாலுகா மருத்துவமனைக்கு வருகிறார். மாத்திரை இலவசம், நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணமில்லை. ஆனால் நூறு நாள் வேலையில் வருகைக்காக எடுக்கும் புகைப்படத்தில் இல்லையென்றால் அன்றைய கூலி கிடைக்காது. முழுக்கூலி 336 ரூபாய், தவணைக்கென்று அத்தை எண்ணி வைத்திருந்த பணம். அதை விட்டுவிட்டுத்தான் வந்தார். மருத்துவர் உறக்கத்தைப் பற்றிக் கேட்டுவிட்டு, கடன் எவ்வளவு என்றும் கேட்டபோது, அத்தை முதன்முறையாக அழுதார்.

திரும்பும் பேருந்தில், தவணையைச் சேர்ந்து கட்டியவர்களில் ஒருவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "எந்த டாக்டர்க்கா? எனக்கும் ராத்தூக்கமே இல்ல" என்றார். அத்தை வெகுநேரம் சன்னலையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு பையிலிருந்த சீட்டை எடுத்து அவர் கையில் கொடுத்தார்.