நான் தூக்குனதில்லம்மா

நான் சொன்னது நல்ல வார்த்தைதான். இன்றைக்கும் அதைத் திருப்பி வாங்கிக்கொள்ளத் தோன்றவில்லை. ஆனால் அந்தப் பெரியவர் சொன்ன பதில் மட்டும் மனதை விட்டுப் போகமாட்டேன் என்கிறது.

நான் பிள்ளைகளுக்குத் தடுப்பூசி போடுகிற நர்ஸ். அன்று புதன்கிழமை, ஊசி நாள். மூன்றரை மாத ஊசிக்கு ஒரு பெண் குழந்தையை அதன் அப்பா தூக்கி வந்திருந்தார். மனைவிக்கு அன்று பி.எட். பரீட்சையாம். உசிலம்பட்டிப் பக்கம் ஊசி நாளில் ஆண்கள் வருவது புதிதில்லை. வண்டியை நிறுத்திவிட்டு வேப்பமரத்தடியில் நின்றுகொள்வார்கள். உள்ளே வருகிற ஒன்றிரண்டு பேரும் நான் சிரிஞ்சை எடுத்ததும் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள்.

இவர் திருப்பவில்லை. மூன்றரை மாதத்தில் குத்து அதிகம். போலியோ சொட்டும் ரோட்டா சொட்டும் கொடுத்த பிறகு இடது தொடையில் ஐந்து நோய்களுக்கான பென்டா, வலது தொடையில் நிமோனியாவுக்கான பி.சி.வி., வலது கையில் தோலுக்குள் போடும் போலியோ ஊசி. குழந்தையை மடியில் சாய்த்து, அதன் ஒரு கையைத் தன் கக்கத்துக்குள் விட்டு, காலை அழுத்தாமல் ஆடாமல் பிடித்துக்கொண்டார். பிள்ளை வீறிட்டதும் எல்லாரும் சொல்வதுபோல "ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல" என்று சொல்லவில்லை. "வலிக்கும்த்தா, அழுதுக்க" என்றார். எத்தனையோ பிள்ளைகளுக்கு ஊசி போட்டிருக்கிறேன், ஒரு ஆண் வாயிலிருந்து இதைக் கேட்டதில்லை.

ஊசி போட்டபின் அரை மணி நேரம் உட்காரச் சொல்வோம். அவர் பையிலிருந்து ஒரு சின்ன எவர்சில்வர் டப்பாவையும் பால் புகட்டுகிற பாலாடையையும் எடுத்தார். மனைவி காலையில் பீய்ச்சி வைத்துவிட்டுப் போன தாய்ப்பால். "நாலு மணி நேரத்துக்குள்ள குடுத்திரணும்னு நீங்கதான் சொல்லிவிட்டீங்களாம்" என்று சொல்லிவிட்டு, பெண்களுக்கு நடுவில் பெஞ்சில் உட்கார்ந்து புகட்ட ஆரம்பித்தார். பாலாடையின் மூக்கைக் கடைவாய் ஓரத்தில் வைத்து, பிள்ளை விழுங்குகிறதா என்று பார்த்துப் பார்த்துச் சாய்த்தார். யாரோ, "அப்பா பால் குடுக்குறாரு பாருங்கடி" என்றார்கள். இரண்டு பேர் சிரித்தார்கள். அவர் தலை நிமிராமல் புகட்டிக்கொண்டே இருந்தார், காது மட்டும் சிவந்துவிட்டது.

அதனால்தான் பேசினேன். அந்தச் சிரிப்பு அங்கேயே நிற்க வேண்டும் என்று நினைத்தேன். பெண் சிசுக்கொலையைத் தடுக்க 1992-ல் அரசு தொட்டில் குழந்தைத் திட்டம் கொண்டுவந்த காலத்தில், பெண் பிள்ளை பிறந்த வீடுகளுக்கு எனக்கு மூத்த நர்ஸம்மாக்கள் தேடிப் போய்ப் பிள்ளை உயிரோடு இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வந்த பக்கம் இது. இங்கே ஒருவர் மகளுக்கு இப்படிப் பால் புகட்டும்போது நான் எப்படிப் பேசாமல் இருப்பது?

வாசல் பக்கத்தில் தோளில் துண்டோடு அவருடைய அப்பா உட்கார்ந்திருந்தார். மொபெட்டில் கூட்டிக்கொண்டு வந்தவர் அவர்தான். எல்லாருக்கும் கேட்கும்படி அவரிடம் சொன்னேன்: "நல்லா வளர்த்திருக்கீங்க, பெரியவரே. நீங்க தூக்கி வளர்த்த பக்குவம்தான் உங்க மகன் கையில இருக்கு."

அவர் துண்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். "நான் தூக்குனதில்லம்மா" என்றார். கொஞ்சம் பொறுத்து, "எங்கய்யா இருக்கைல நான் எப்படி என் பிள்ளையத் தூக்குறது?" என்றார்.

மகனின் கையில் பாலாடை நின்றுவிட்டது. அடுத்த குழந்தை மேசைக்கு வந்துவிட்டது. நான் சீட்டை வாங்கித் தேதி எழுத ஆரம்பித்தேன். திரும்பிப் பார்த்தபோது பெரியவர் வெளியே வண்டிக்குப் பக்கத்தில் இருந்தார்.

அவர் சொன்னது எனக்குத் தெரியாத விஷயமில்லை. பெரியவர்கள் முன்னால் தன் பிள்ளையைத் தூக்கிக் கொஞ்சுவது மரியாதைக் குறைவு என்று இருந்தவர்கள் அந்தக் காலத்து ஆண்கள். அண்ணன் பிள்ளையைத் தூக்குவார்கள், தம்பி பிள்ளையைத் தூக்குவார்கள், தன் பிள்ளை அழுதால் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். பாசம் இல்லாமல் இல்லை. தூக்க விடாத ஒரு வீட்டில் இருந்தார்கள். இதெல்லாம் தெரிந்தும், அவருக்குச் சேராத ஒரு பாராட்டைப் பத்துப் பேர் முன்னால் அவர் மடியில் போட்டுவிட்டேன். அவர் பொய்க்குத் தலையாட்டாமல் உள்ளதைச் சொன்னார். தலையாட்டிவிட்டுப் போயிருந்தால் எனக்கு இவ்வளவு தொந்தரவு இருந்திருக்காது.

உடன் வேலை பார்க்கிற அக்காவிடம் சொன்னேன். "தினம் அம்மாக்கள் தூக்கிட்டு வர்றாங்க, யாரையாச்சும் நீ பாராட்டினியா?" என்று கேட்டார். அது சரிதான், அதற்கப்புறம் அம்மாக்களிடமும் ஒரு வார்த்தை சேர்த்துச் சொல்கிறேன். ஆனால் அப்பாக்களுக்குச் சொல்வதை நிறுத்த எனக்கு மனசில்லை. நாங்கள் கொடுக்கும் அட்டையின் பெயரே தாய் சேய் நல அட்டை, அந்தப் பெயரில் அப்பா இல்லை. மத்திய அரசு ஊழியருக்கு 15 நாள் தந்தைமை விடுப்பு உண்டு. மனைவியின் பிரசவத்துக்காக விடுப்பு கேட்ட ஒரு தமிழ்நாட்டு போலீஸ் இன்ஸ்பெக்டரோ வழக்குப் போட வேண்டியிருந்தது. தந்தைமை விடுப்புக்குச் சட்டம் வேண்டும் என்று 2023-ல் இங்கே உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் நீதிபதி சொன்னது அந்த வழக்கில்தான். பாலாடையோடு உட்கார்ந்திருந்தவர் லோடு ஏற்றும் வேலைக்குப் போகிறவர். அன்றைய கூலி போச்சு. சட்டம் அவர்வரை வந்து சேர எத்தனை காலம் ஆகுமோ. அதுவரை அவருக்குக் கிடைப்பது யாராவது சொல்கிற ஒரு வார்த்தைதான். வீட்டு ஆட்கள் சொல்லும் வார்த்தையில் பழைய கணக்கு கலந்திருக்கும். நாங்கள் சொன்னால் அது இருக்காது என்று நம்பித்தான் சொல்கிறேன்.

ஆனால் அந்தக் கணக்கை அன்று நானே திறந்துவிட்டேனோ? அப்பா தன்னைத் தூக்கவே இல்லை என்பதை மகன் அன்றுதான் முதல் தடவை கேட்டாரா, இல்லை தெரிந்தே வளர்ந்தவரா? போகும்போது "வர்றேன்க்கா" என்றார், அவ்வளவுதான். காய்ச்சல் மருந்தை எப்படிக் கொடுப்பது என்று நான் சொன்னதைத் திருப்பி ஒருமுறை சொல்லிச் சரிபார்த்துக்கொண்டார். முகத்தில் கோபமோ வருத்தமோ எனக்குத் தெரியவில்லை. அவர் பிள்ளையோடு பின்னால் உட்கார, பெரியவர் வண்டியை ரொம்ப மெதுவாக ஓட்டிப் போனார். பிள்ளைக்குத் தொடை வலிக்கும் என்பதற்காக இருக்கலாம்.

"அதனால என்ன, இப்பத் தூக்குங்க" என்று அப்போதே சொல்லியிருக்கலாமே என்று பல நாள் நினைத்தேன். பிறகு, அதையும் எல்லார் முன்னாலும்தானே சொல்லியிருப்பேன் என்று தோன்றும்.

அடுத்தது ஒன்பது மாதத்தில் தட்டம்மை, ரூபெல்லாவுக்கான எம்.ஆர். ஊசி. பெரியவரும் வந்தால், பிள்ளையை அவர் மடியில் வைத்துப் பிடிக்கச் சொல்லலாம் என்று ஒரு எண்ணம் இருக்கிறது. முதலில் மகனைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டுவிடுவேன். அவர் வேண்டாம் என்றால் விட்டுவிடுவேன்.