கோமாவில் இருக்கும் அப்பாவின் வீட்டை விற்க நான் பட்ட பாடு

அப்பாவுக்கு மூளையில் ரத்தக்கசிவு. அறுவை சிகிச்சைக்குப் பிறகும் நினைவு திரும்பவில்லை. மூக்கில் குழாய், தொண்டையில் துளை, இரவும் பகலும் வீட்டு நர்ஸ். ஆஸ்பத்திரி பில்லிலேயே சேமிப்பெல்லாம் கரைந்துவிட்டது. மிச்சம் இருந்தது திருச்சியில் அவர் பெயரில் உள்ள வீடு மட்டும்தான். அதன் கிரயம் போன வாரம்தான் முடிந்தது. இதே நிலையில் இருக்கிறவர்கள் என்னைப் போல அலையக்கூடாது, அதற்காகவே எழுதுகிறேன்.

முதலில் பவர், அதாவது அவருக்குப் பதிலாக நான் கையெழுத்துப் போடலாம் என்ற அதிகாரப் பத்திரம். அப்பா நன்றாக இருந்தபோதே எனக்குப் பவர் எழுதிப் பதிந்து கொடுத்திருந்தார். அது இருக்கும்போது என்ன கவலை என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். ஆனால் எழுதிக் கொடுத்தவர் சித்த சுவாதீனம் இழந்துவிட்டால் பவரும் அத்தோடு முடிந்தது. இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 201-வது பிரிவு அப்படித்தான் சொல்கிறது. ஒரு புரோக்கர், "டாக்டர்கிட்ட உயிர்வாழ் சான்று மட்டும் வாங்குங்க, கோமா விஷயத்தை யாரும் கேட்க மாட்டாங்க" என்றார். இன்னொருவர் கைரேகை வைத்துவிடலாம் என்றார். தயவுசெய்து இந்தப் பேச்சுக்குக் காது கொடுக்காதீர்கள். அந்தப் பத்திரம் செல்லாது. நாளைக்கு வாங்கியவரோ சொந்தக்காரரோ வழக்குப் போட்டால் கம்பி எண்ண வேண்டியது நாம்தான். அதைவிட, பேச முடியாமல் கிடக்கிற அப்பாவின் விரலைப் பிடித்து மையில் வைப்பதா? நினைத்தாலே இப்பவும் உடம்பு பதறுகிறது.

சரி, சட்டப்படியே போவோம் என்றால் அதற்கு நேரான வழி கிடையாது. 1890-ஆம் ஆண்டுப் பாதுகாவலர் சட்டம் மைனர்களுக்கு. தேசிய அறக்கட்டளைச் சட்டம் ஆட்டிசம், மூளை முடக்குவாதம் போன்ற குறிப்பிட்ட சில குறைபாடு உள்ளவர்களுக்கு. 2017-இல் வந்த மனநலச் சட்டத்தில் சொத்துக்குப் பாதுகாவலர் நியமிக்கும் ஏற்பாடே இல்லை. ஆகவே உயர் நீதிமன்றத்தில் அரசியலமைப்புச் சட்டத்தின் 226-வது பிரிவின் கீழ் ரிட் மனு. திருச்சி மாவட்டம் என்பதால் மதுரைக் கிளை.

2024 மே மாதம் சென்னை உயர் நீதிமன்றத்தில் இரண்டு நீதிபதிகள் அமர்வு கொடுத்த தீர்ப்பை உங்கள் வக்கீல் கட்டாயம் கையில் வைத்திருக்க வேண்டும். கோமாவில் இருந்த கணவரின் சொத்தை விற்க மனைவி அனுமதி கேட்டார். தனி நீதிபதி, சிவில் கோர்ட்டுக்குப் போங்கள் என்று சொல்லிவிட்டார். அமர்வு அதை ரத்து செய்து மனைவியையே பாதுகாவலராக நியமித்தது. சொத்து ஒரு கோடிக்கு மேல் மதிப்புள்ளது. அதில் 50 லட்சத்தைக் கணவர் பெயரில் வைப்புநிதியாகப் போட வேண்டும் என்பது நிபந்தனை. எங்கள் மனுவும் இந்தத் தீர்ப்பைப் பிடித்துக்கொண்டுதான் நின்றது.

மனுவை எடுத்துக்கொண்ட கோர்ட் சில அறிக்கைகள் கேட்டது. அரசு டாக்டர்கள் வீட்டுக்கே வந்து பார்த்து அறிக்கை கொடுத்தார்கள். மஸ்கட்டில் இருக்கும் அண்ணன், ஆட்சேபணை இல்லை என்ற பிரமாணப் பத்திரத்தைத் தூதரகத்தில் சான்று வாங்கி அனுப்பினார். இதிலெல்லாம் சிக்கல் இல்லை.

சிக்கல் தாலுகா ஆபீஸில். குடும்ப உறுப்பினர்கள் யார் யார் என்று தாசில்தார் அறிக்கை தர வேண்டும் என்பது கோர்ட் உத்தரவு. அங்கிருந்த எழுத்தர் மனுவைப் படிக்காமலே, "வாரிசுச் சான்றுக்கு ஆன்லைன்ல போடுங்கம்மா, இறப்புச் சான்று இணைச்சிருக்கணும்" என்றார்.

"அப்பா உயிரோட இருக்கார் சார்."

"அப்ப அவரையே கூட்டிட்டு வாங்க."

கோர்ட் உத்தரவை மேஜையில் வைத்தும் அவர் திரும்பிப் பார்க்கவில்லை. வி.ஏ.ஓ.தான் நல்ல மனிதர். வீட்டுக்கு வந்து அப்பாவைப் பார்த்துவிட்டு அன்றே அறிக்கை எழுதி அனுப்பினார். அதற்கப்புறம்தான் ஃபைல் நகர்ந்தது. உத்தரவைக் கொடுக்கும்போது இன்னொரு நகலில் தேதியும் முத்திரையும் வாங்கிக்கொள்ளுங்கள். அது இல்லாவிட்டால், 'வரவேயில்லை' என்று சொல்லிவிடுவார்கள்.

கடைசியில் என்னைப் பாதுகாவலராக நியமித்து உத்தரவு வந்தது. வக்கீல் வாழ்த்துச் சொன்னார், நாங்களும் ஸ்வீட் வாங்கினோம். பதிவுக்கு நாள் குறிக்கும் டோக்கன் போட்டு, வாங்குகிறவரையும் சாட்சிகளையும் கூட்டிக்கொண்டு பத்திரப் பதிவுக்குப் போனால், அதிகாரி உத்தரவை இரண்டு முறை படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். அதில் 'சொத்துகளை நிர்வகிக்கலாம், வங்கிக் கணக்குகளை இயக்கலாம்' என்றுதான் இருந்தது. 'விற்கலாம்' என்ற சொல் இல்லை. சர்வே எண்ணும் இல்லை. மனுவில் கேட்டிருந்தோம், உத்தரவில் விட்டுப்போயிருந்தது. திரும்ப மதுரை, திரும்ப ஒரு மனு, மாதக்கணக்கில் காத்திருப்பு. இதற்கிடையில் வாங்க இருந்தவர் அட்வான்ஸைத் திருப்பிக் கேட்டுவிட்டார்.

அதனால் கையெடுத்துக் கேட்டுக்கொள்கிறேன்: உத்தரவு வந்ததும் வரிவரியாகப் படியுங்கள். விற்கும் உரிமை, சர்வே எண், கதவு எண், பணம் எந்தக் கணக்கில் வர வேண்டும், பத்திரத்தில் யார் கையெழுத்திடுவது, எல்லாம் அதில் இருக்க வேண்டும். சான்றிட்ட நகல் ஒன்றிரண்டோடு நிறுத்தாதீர்கள். பதிவுக்கு, வங்கிக்கு, வாங்குகிறவருக்குக் கடன் தரும் வங்கிக்கு என்று ஆளுக்கொன்று கேட்பார்கள். வாங்குகிறவரின் வங்கி வக்கீலிடம் முன்பே உத்தரவைக் காட்டி, சம்மதம் வாங்கிய பிறகு டோக்கன் போடுங்கள். எங்களுக்கு வந்த இரண்டாவது ஆளின் கடன் இதில்தான் இழுத்தது.

இன்னொன்று, யாரும் சொல்லாதது. அப்பாவின் பழைய செல்போன் எண்ணுக்கு ரீசார்ஜ் செய்துகொண்டே இருங்கள். ஆதார், பான், வங்கி எல்லாவற்றுக்கும் ஓ.டி.பி. அந்த எண்ணுக்குத்தான் வரும். விலை 50 லட்சமோ அதற்கு மேலோ என்றால் வாங்குகிறவர் 1 சதவீதம் டி.டி.எஸ். (வருமான வரிப் பிடித்தம்) பிடித்து அப்பாவின் பானில் கட்ட வேண்டும். பான் செயலிழந்து கிடந்தால் அதுவே 20 சதவீதமாகிவிடும். எங்களுக்கு அந்த எண் உயிரோடு இருந்ததால் தப்பித்தோம்.

இரண்டாம் முறை போனபோது அதே அதிகாரிதான். திருத்திய உத்தரவைப் படித்தார், "இப்ப சரியா இருக்கும்மா" என்றார். அப்பா பெயருக்குக் கீழே 'நீதிமன்றத்தால் நியமிக்கப்பட்ட பாதுகாவலர்' என்று போட்டு என் பெயரை எழுதியிருந்தது. கையெழுத்துப் போட்டேன், பதிந்தாயிற்று. உத்தரவுப்படி பாதிப் பணம் அப்பா பெயரில் வைப்புநிதியில் இருக்கிறது, வட்டி அவர் செலவுக்கு. நர்ஸுக்கு நிலுவையில் இருந்த சம்பளத்தை அன்று மாலையே கொடுத்துவிட்டேன். ஆறு மாதத்துக்கு ஒரு முறை நீதிமன்றத்தில் கணக்குத் தாக்கல் செய்ய வேண்டும் என்பதால், மருந்துக் கடை ரசீதுகளை எல்லாம் தேதிவாரியாக ஒரு ஃபைலில் கோத்துக்கொண்டிருக்கிறேன்.