பத்மநாபபுரமும் என் பிஎச்.டி. விண்ணப்பமும்

"இது சரித்திரத் துறைக்குப் போகவேண்டிய தலைப்பும்மா" என்றார்கள் சுற்றுலாத் துறையில். சரித்திரத் துறைக்குப் போனால், "சுற்றுலான்னு போட்டிருக்கே, அவங்களையே கேளுங்க" என்றார்கள். எந்தப் பல்கலைக்கழகம் என்பது இருக்கட்டும். இரண்டு துறைக்கும் நடுவில் ஒரு வேப்பமரம். அதன் கீழே உட்கார்ந்துதான் அன்று சோற்றுப் பொதியைப் பிரித்தேன்.

எனக்கு ஊர் தக்கலை. சுற்றுலா மேலாண்மையில் முதுகலை முடித்து, மார்த்தாண்டத்தில் ஒரு டிராவல்ஸில் ஆறு வருடமாக வேலை. "பத்மநாபபுரம் அரண்மனை திங்கட்கிழமை லீவு சார், செவ்வாய்க்கு மாத்திக்கலாம்" என்று தினமும் யாரிடமாவது போனில் சொல்வது என் பிழைப்பு.

கல்லூரி ஆசிரியர் தகுதிக்கும் பிஎச்.டி. சேர்க்கைக்கும் எழுதும் நெட் தேர்வில் சுற்றுலாவுக்குத் தனிப் பாடமே இருக்கிறது. இரண்டு தாள், 150 கேள்வி, 300 மதிப்பெண். தப்புக்கு மைனஸ் இல்லை என்பதால் தெரியாததையும் விடாமல் குறித்துவிட்டு வந்தேன். 2024 ஜூன் முதல் தேறியவர்களை மூன்று வகையாகப் பிரிக்கிறார்கள்: ஜேஆர்எஃப் என்கிற ஆய்வு உதவித்தொகை, உதவிப் பேராசிரியர் தகுதியோடு பிஎச்.டி., பிஎச்.டி. மட்டும். நான் மூன்றாவது. மாதம் 37,000 ரூபாய் என்பதெல்லாம் முதல் வகைக்காரர்களுக்கு. மற்றவர்களுக்கு நெட் மதிப்பெண்ணுக்கு 70 சதவீதம், நேர்முகத்துக்கு 30. அந்த மதிப்பெண்ணும் பிஎச்.டி. சேர்க்கைக்கு ஒரு வருடம்தான் செல்லும். அதற்குள் நெறியாளர் கிடைக்கவேண்டும்.

இங்கேதான் நான் முட்டாள்தனம் செய்தேன். ஒரு பேராசிரியர் எட்டுப் பேருக்கும், இணைப் பேராசிரியர் ஆறு பேருக்கும், உதவிப் பேராசிரியர் நான்கு பேருக்கும்தான் நெறியாளராக இருக்க முடியும். யாரிடம் இடம் காலி என்று முதலில் விசாரித்திருக்கவேண்டும். நானோ தலைப்பைத் தூக்கிக்கொண்டு நான்கு மாதம் அலைந்தேன். தலைப்பாவது உருப்படியா? 'கன்னியாகுமரி மாவட்டத்தின் பண்பாட்டு மரபும் சுற்றுலா வளர்ச்சியும்'. கடைசியில் இடம் இருந்த ஒரு மேடம் அதைப் படித்துவிட்டு, "இதுல கேள்வி எங்க இருக்கு?" என்றார். எனக்குப் பதில் வரவில்லை.

பதில் நவராத்திரிக்கு முன்னால் வீட்டுப் பக்கத்திலேயே கிடைத்தது. வருடாவருடம் வேளிமலை குமாரசுவாமியும் சுசீந்திரம் முன்னுதித்த நங்கை அம்மனும் பத்மநாபபுரம் வந்து, அரண்மனைத் தேவாரக்கட்டு சரஸ்வதியோடு நவராத்திரி பூஜைக்குத் திருவனந்தபுரத்துக்கு ஊர்வலமாகப் புறப்படுவார்கள். சின்ன வயதில் அம்மா இடுப்பில் இருந்து பார்த்தது. அந்த வருடம்தான் நோட்டும் பேனாவுமாக நின்றேன். அரண்மனை உப்பரிகை மாளிகையில், ஊர்வலத்தோடு போகும் திருவிதாங்கூர் ராஜாவின் உடைவாள் கை மாறியது. வெளியே இரண்டு மாநிலப் போலீசும் வரிசையில் நின்று மரியாதை செலுத்தினார்கள். எழுத எழுத எனக்கே சிரிப்பு வந்தது. அரண்மனை நிற்பது தமிழ்நாட்டில், அதைப் பார்த்துக்கொள்வது கேரளத் தொல்லியல் துறை. வேளிமலையும் சுசீந்திரமும் தமிழக அறநிலையத் துறையிடம். களியக்காவிளை வரை பாதை இந்தப் பக்கம், அப்புறம் அந்தப் பக்கம். இத்தனை கைகளுக்கு நடுவில் ஒரு ஊர்வலம் எப்படித் தவறாமல் நடக்கிறது? மேடத்துக்கு அன்று ராத்திரியே அனுப்பினேன். "இது கேள்வி" என்று ஒற்றை வரியில் பதில் வந்தது.

நேர்முகத்தில் ஒருவர் கேட்டார்: "அப்போ அரண்மனை யாருக்குச் சொந்தம்?" 1956 நவம்பர் 1-ல் மாவட்டம் சென்னை மாநிலத்தோடு சேர்ந்ததையும், அரண்மனை நிர்வாகம் மட்டும் கேரளத்திடம் நின்றுவிட்டதையும் சொன்னேன். 2014 முதல் அது உலக மரபுச் சின்னங்களுக்கான யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் இருப்பதையும் சேர்த்துக்கொண்டேன். "நான் சொந்தத்தை ஆராயவில்லை சார், யார் எதைச் செய்கிறார்கள் என்பதைத்தான்" என்று முடித்தபோது அவர் எதையோ குறித்துக்கொண்டார். இரண்டு வாரத்தில் சேர்க்கைக் கடிதம் வந்தது.

சம்பளத்தை விட முடியாது, அதனால் பகுதி நேரம். அதற்கு வேலை பார்க்கும் இடத்தில் தடையில்லாச் சான்று வேண்டும். முதலாளி டிராவல்ஸ் லெட்டர்பேடில், மேலே வால்வோ பஸ் படத்தோடு, கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். அலுவலகத்தில் அந்த பஸ்ஸைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு வாங்கிக்கொண்டார்கள். அப்புறம் 12 கிரெடிட் பாடம். ஆய்வு நெறிமுறைத் தாளில்தான், பிறர் எழுத்தோடு ஒத்துப்போவது 10 சதவீதத்தைத் தாண்டினால் சிக்கல் என்று தெரிந்தது. எம்.ஏ. நாட்களில் நான் எழுதிய ப்ராஜெக்டை நினைத்து வியர்த்தது.

களப்பணிக்கு அனுமதி கேட்டு முதலில் இங்கேயே ஒரு அலுவலகத்தில் மனு கொடுத்துவிட்டேன். என் தப்புதான், தொல்லியல் துறைத் தலைமையகம் திருவனந்தபுரத்தில் அல்லவா இருக்கிறது. நெறியாளர் கடிதமும் படிப்புச் சான்றும் வைத்து மறுபடி எழுதினேன். அனுமதி வந்த மறுநாளே, கடிதத்தை பிளாஸ்டிக் உறையில் போட்டுக்கொண்டு விடிந்ததும் அரண்மனைக்கு ஓடினேன். கதவு சாத்தியிருந்தது. காவலுக்கு இருந்த பெரியவர் உறையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"தக்கலைக்காரிதானே மக்களே, திங்கள் அடைப்புன்னு தெரியாதா?"